பழுப்பான சீரமும் மஞ்சள் படிந்த பனியனும்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு



நறுக்கி வைத்த வாழைக்காய் சற்று நேரத்தில் கறுத்துப்போவதை நாம் அன்றாடம் காண்கிறோம். அதைக் கண்டு யாரும் வியப்பதில்லை. நறுக்கும்போதே தண்ணீரில் போட்டுவிடுகிறோம். அல்லது மோரில் போடுகிறோம். ஆனால் அதே மாற்றம் கடையில் வாங்கிய ஒரு பூச்சு மருந்தில் நிகழ்ந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்கிறோம். இவ்வாண்டு எங்களுக்கு அப்படியொரு திகைப்பு நேர்ந்தது. அதிலிருந்து நாங்கள் கற்ற பாடத்தை எல்லோருடனும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு குப்பியின் கதை

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்கா, நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். மூன்று வாரம் ஓவர் டைம் பார்த்த காசில், முகத்தில் விழுந்த கரும்புள்ளிகளுக்காக ஒரு வைட்டமின் சி சீரம் வாங்கினார். விலை 600 ரூபாய். வாங்கியபோது அது தண்ணீரைப் போல் தெளிவாக இருந்ததாம். சிமெண்டு ஷீட் போட்ட லைன் வீட்டில், கண்ணாடிக்குப் பக்கத்தில், ஜன்னல் விளிம்பில் அதை வைத்திருந்தார். ஐந்தாவது வாரத்தில் அது கட்டஞ்சாயா நிறத்துக்கு வந்துவிட்டது.

அக்கா அதைக் கொட்டவில்லை. "ஓ.டி. பார்த்த காசு கண்ணு, கொட்ட மனசு வருமா?" என்று சொல்லிப் பூசிக்கொண்டே இருந்தார். தோழி அந்தக் குப்பியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து எங்கள் அறிவியல் ஆசிரியையான சகோதரியிடம் காட்டி, "ஏனுங்க சிஸ்டர், இதைப் பூசலாமா, கூடாதா?" என்று கேட்டாள். சகோதரி உடனே விடை சொல்லவில்லை. "நிறம் ஏன் மாறியது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதன் பிறகு நீங்களே விடை சொல்வீர்கள்" என்றார். அன்று தொடங்கியது எங்கள் ஆராய்ச்சி.

நிறமாற்றம் மூன்று வகை

நிறம் மாறினாலே பொருள் கெட்டுவிட்டது என்றுதான் நாங்கள் முதலில் எண்ணினோம். அது சரியன்று. எங்கள் வீடுகளில் கண்டவற்றையும் பாடநூலில் படித்தவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, நிறமாற்றத்தை மூன்று வகையாகப் பிரிக்க முடிந்தது.

முதல் வகை, சட்டை மாற்றுவது போன்றது. இதற்கு மஞ்சளே சான்று. நமக்குப் பக்கத்தில் விளையும் ஈரோடு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. மஞ்சளின் நிறத்துக்கும் குணத்துக்கும் காரணமான முக்கியப் பொருள் குர்குமின். அது அமிலத்தில் மஞ்சளாக இருக்கும், காரத்தில் சிவந்துவிடும். மஞ்சளுடன் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பாவதும், மஞ்சள் கறை பட்ட துணியில் சோப்புப் போட்டதும் கறை சிவப்பதும் இதனால்தான். சிவந்த உடனேயே எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆனால் காரத்திலேயே நெடுநேரம் விட்டால் குர்குமின் சிதைந்துபோகும். வெயிலில் வைத்தாலும் வெளுத்துப்போகும்.

இரண்டாம் வகை, அயலார் கொண்டுவரும் கறை. நெல்லிக்காயை இரும்புக் கத்தியால் நறுக்கினால் கறுக்கிறது. நெல்லியிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்து கருநிறச் சேர்மம் ஆகிறது. தலைமுடி கறுக்க வேண்டி, நெல்லிப் பொடியை இரும்புச் சட்டியில் ஊறவைப்பது இதனைப் பயன்படுத்திக்கொள்ளும் முறையே. தலைக்கு வேண்டிய அக்கருமை முகத்துக்குப் பூசும் கிரீமில் வந்தால் எப்படி இருக்கும்! கோஜிக் அமிலம் என்றொரு பொருள் கரும்புள்ளிக் கிரீம்களில் சேர்க்கப்படுகிறது. ஜப்பானியர் அரிசியைப் புளிக்கவைக்கப் பயன்படுத்தும் பூஞ்சையிலிருந்து 1907இல் அது கண்டறியப்பட்டது. இரும்பு சிறிதளவு கலந்தாலும் அதுவும் சிவக்கும்.

மூன்றாம் வகை, தானே அழிவது. இதுதான் அக்காவின் குப்பியில் நிகழ்ந்தது.

தான் கெட்டுப் பிறவற்றைக் காப்பது

வைட்டமின் சியின் மறுபெயர் அஸ்கார்பிக் அமிலம். அதைப் பிரித்தெடுத்த ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி, வெட்டிய காய்கனிகளில் சில பழுப்பாவதும் சில ஆகாமலிருப்பதும் ஏன் என்னும் கேள்வியிலிருந்தே தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். எலுமிச்சை போன்றவற்றில் பழுப்பேறுவதைத் தடுக்கும் ஒரு பொருள் உள்ளது என்று கண்டார். பின்னர் தம் ஊரில் விளைந்த சிவப்பு மிளகாயிலிருந்து அதை ஏராளமாகப் பிரித்தெடுத்தார். 1937ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. நாம் வாழைக்காயைக் கண்டு கேட்காமல் விட்ட கேள்வியே அவருக்குப் பரிசு வாங்கித் தந்தது!

பழுப்பேறாமல் தடுக்கும் பொருளே ஏன் பழுப்பாகிறது? தடுக்கும் முறையில்தான் காரணம் இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் மற்றப் பொருளைத் தாக்கும் முன் வைட்டமின் சி தன்னைக் கொடுத்துவிடுகிறது. அதாவது, தான் ஆக்சிஜனேற்றம் அடைந்து மற்றதைக் காக்கிறது. அந்த முதல் மாற்றத்தில் உண்டாகும் பொருளுக்கு நிறமில்லை. அது மேலும் சிதைந்த பிறகே மஞ்சளும், அதன்பின் பழுப்பும் தோன்றுகின்றன. ஆகவே நம் கண்ணுக்கு நிறம் தெரியும்போது, கண்ணுக்குத் தெரியாத இழப்பு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்தப் பழுப்பு, எலுமிச்சை விட்டாலும் குளிர்பெட்டியில் வைத்தாலும் திரும்பாது.

நாங்கள் செய்த சோதனை

சகோதரியின் அனுமதியுடன், ஆய்வகத்தில் 10 கிராம் அஸ்கார்பிக் அமிலத்தைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 100 மில்லி கரைசல் செய்தோம். அதை ஐந்து சிறு குப்பிகளில் ஊற்றினோம்.

1. பழுப்புக் குப்பி, விளிம்புவரை நிறைத்து மூடியது, குளிர்பெட்டியில்.
2. தெளிந்த குப்பி, மூடியது, ஜன்னல் வெயிலில்.
3. தெளிந்த குப்பி, பாதி மட்டும் நிறைத்தது, அலமாரியில். நாள்தோறும் திறந்து மூடினோம்.
4. மூன்றாவதைப் போன்றதே, ஆனால் உள்ளே ஒரு துண்டுச் செப்புக் கம்பி.
5. மூன்றாவதைப் போன்றதே, ஆனால் சிட்டிகை சிட்டிகையாகச் சமையல் சோடா சேர்த்து, பொங்கி அடங்கியபின் மூடியது.

நாள்தோறும் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஒரு வெள்ளைத் தாளின் முன் ஐந்தையும் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டோம். முதலில் மஞ்சளானது சோடா சேர்த்த ஐந்தாம் குப்பி. அடுத்தது செப்புக் கம்பி போட்டது. பின்னர் ஜன்னல் குப்பியும், திறந்து மூடிய குப்பியும் முன்பின்னாக நிறம் கொண்டன. நான்கு வாரம் கழிந்தும் தண்ணீர் போலவே இருந்தது குளிர்பெட்டியில் வைத்த பழுப்புக் குப்பி ஒன்றே.

ஐந்திலும் ஒரே மருந்துதான். ஒரே நாளில் செய்ததுதான். வைத்திருந்த விதமே வேறு. காற்று, ஒளி, வெப்பம், உலோகம், காரம் ஆகிய ஐவரே பகைவர் என்பது எங்களுக்கு நன்கு விளங்கியது.

பேக்கிங் மேசையில் ஒரு பாடம்

இச்சோதனையை வீட்டில் சொன்னபோது, பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா, "இது எங்க வெள்ளைப் பீசுக்கு வர்ற வியாதியாட்டவே இருக்குதே!" என்றாராம். முன்பு ஒரு கம்பெனியில் அவர் இருந்தபோது, பாலி கவரில் போட்டு அட்டைப் பெட்டியில் அடுக்கிய வெள்ளைப் பனியன்கள், சில வாரம் கழித்துத் திறந்து பார்த்தபோது மடிப்பு ஓரங்களில் மஞ்சளாக இருந்தனவாம். பையர் எடுக்க மறுத்துவிட்டார். செக்கிங் பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து பீஸ் பீஸாகப் பிரித்தார்கள். துணியை யாரும் அழுக்காக்கவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது மஞ்சள்?

நாங்கள் படித்தறிந்த விடை இது. பிளாஸ்டிக் கவர் கெட்டுப்போகாமலிருக்க அதில் பி.எச்.டி. என்றொரு பொருள் சேர்ப்பதுண்டு. (இது கல்லூரிப் பட்டம் அன்று; ப்யூட்டிலேட்டட் ஹைட்ராக்சி டொலுவீன் என்பதன் சுருக்கம்!) அது மெல்ல ஆவியாகித் துணியில் படிகிறது. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகள் அதனுடன் வினைபுரிகின்றன. துணியில் காரம் மிச்சமிருந்தால் மஞ்சள் தோன்றுகிறது. காற்றுப் படும் இடம் என்பதால் மடிப்பு ஓரத்தில் முதலில் தெரிகிறது. இதற்குப் பீனாலிக் மஞ்சளாதல் என்று பெயர். இதைச் சோதிக்க உலகத் தர நிறுவனமான ஐ.எஸ்.ஓ. தனியே ஒரு முறையும் வகுத்துள்ளது. பி.எச்.டி. இல்லாத கவரைப் பயன்படுத்துவது, துணியை இலேசான அமிலத்தன்மையில் முடிப்பது, பெட்டிகளை லாரிப் புகை படாத இடத்தில் அடுக்குவது ஆகியவையே தடுக்கும் வழிகள். இந்த மஞ்சள் பெரும்பாலும் மேலே படிந்த கறைதான். வெயில் பட்டால் மறைவதும் உண்டு. ஆனால் பையர் அதுவரை காத்திருப்பாரா?

இதில் எங்களை வியக்க வைத்தது ஒன்று. இதே பி.எச்.டி. முகக் கிரீம்களிலும் எண்ணெய் கெடாமலிருக்கச் சேர்க்கப்படுகிறது. காவலுக்கு வைத்தவரே கறைக்கும் காரணமாகலாம். ஆகையால் ஒரு பொருளைச் சேர்த்தால் மட்டும் போதாது. அதனுடன் இருக்கும் மற்றவை எவை, அடைக்கும் கலம் எது என்பதையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும்.

தயாரிப்போர் கையாளும் தடுப்பு முறைகள்

நிறமாற்றத்தைத் தடுக்கும் வேலை பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. அம்முறைகளைச் சுருக்கமாகத் தருகிறோம்.

1. நீர்: உப்பும் உலோகமும் நீக்கிய நீரையே பயன்படுத்துவர். நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீர் இதற்கு ஆகாது. தப்பி வரும் உலோகத் துளிகளைக் கட்டிப்போட இ.டி.டி.ஏ. என்னும் பொருளைச் சிறிதளவு சேர்ப்பர்.

2. வெப்பம்: கிரீம் செய்ய எண்ணெயையும் நீரையும் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிக் கலக்குவர். கெடக்கூடிய மருந்தை அப்போது சேர்க்கமாட்டார்கள். 40 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகே சேர்ப்பர். ரசத்தை இறக்கிய பின் எலுமிச்சை பிழிவது போன்றதே இது.

3. அமிலத்தன்மை: வைட்டமின் சி கரைசலின் பி.எச். மதிப்பை 3.5க்குக் கீழே வைப்பர். அந்நிலையில் அது நிலைத்து நிற்பதுடன் தோலுக்குள் செல்லவும் செய்கிறது.

4. காற்று: குப்பியில் வெற்றிடம் விடாமல் நிறைப்பர், அல்லது மேலே நைட்ரஜன் வாயுவை நிரப்புவர். காற்று உள்ளே புகாத பம்புக் குப்பிகளும் உண்டு.

5. ஒளி: பழுப்புக் கண்ணாடியிலோ அலுமினியக் குழாயிலோ அடைப்பர். வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாலுக்கு ஒளி பெரும் பகை. அதைத் தெளிந்த கண்ணாடியில் விற்பது முறையன்று.

6. துணைவர்: 2005இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 15 சதவீத வைட்டமின் சியும் 1 சதவீத வைட்டமின் ஈயும் உள்ள கரைசலில் 0.5 சதவீதம் ஃபெருலிக் அமிலம் சேர்த்தனர். கரைசல் நிலைத்து நின்றது. வெயிலிலிருந்து தோலைக் காக்கும் ஆற்றலும் ஏறத்தாழ இருமடங்கானது. ஃபெருலிக் அமிலம் எங்கோ உள்ள பொருள் அன்று. நம் அரிசித் தவிட்டில் இருக்கிறது. அதன் பெயரோ பெருங்காயச் செடியின் அறிவியல் பெயரான ஃபெருலாவிலிருந்து வந்தது!

7. மாற்றுருவம்: வைட்டமின் சியை வேறொன்றுடன் பிணைத்து, காற்றில் எளிதில் கெடாத உருவில் தருவர். அஸ்கார்பைல் குளுக்கோசைடு அவற்றுள் ஒன்று. இவை தோலில் சேர்ந்தபின் மெல்ல வைட்டமின் சியாக மாறவேண்டும். ஆகவே நேரடியான வைட்டமின் சி அளவுக்கு விரைந்து வேலை செய்யா.

8. முன்சோதனை: மருந்துகளை விற்பனைக்கு அனுப்பும் முன் 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் மாதக்கணக்கில் வைத்துப் பார்ப்பர். நல்ல தயாரிப்பாளர் பூச்சுகளையும் அவ்வாறே சோதிப்பர். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் ஷீட் வீட்டுக்குள் இருக்கும் வெப்பம் அதற்குச் சளைத்ததன்று. அக்காவின் குப்பி நாள்தோறும் அச்சோதனையைத் தாங்கிக்கொண்டிருந்தது!

நிறம் மாறாததெல்லாம் நல்லதா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தொடக்கத்திலேயே ஆரஞ்சு நிறம் சேர்த்த பூச்சில், பின்னர் பழுப்பேறினாலும் நம் கண்ணுக்குத் தெரியாது. அதனினும் கொடியது, பாதரசம் கலந்த சிகப்பழகுக் கிரீம். அது மாதக்கணக்கில் வைத்தாலும் பால் போல் வெள்ளையாகவே இருக்கக்கூடும். 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம்களைப் பூசிவந்த சிலருக்குச் சிறுநீரக நோய் கண்டிருப்பதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். பாதரசச் சேர்மங்கள் சேர்த்து அழகுசாதனம் தயாரிப்பதை நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் தடை செய்கின்றன. தயாரித்தவர் பெயரும் முகவரியும் உரிம எண்ணும் இல்லாத டப்பாவை, யார் சொன்னாலும் வாங்கலாகாது. வெளுத்ததெல்லாம் பாலல்ல என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும்.

வீட்டில் நாம் செய்யவேண்டியவை

1. சிறிய குப்பியாக வாங்குக. பெரிய குப்பி மலிவென்று வாங்கிப் பாதியைக் கொட்டுவதில் சிக்கனம் இல்லை.
2. திறந்த தேதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டுக. குப்பியில் திறந்த டப்பாவின் படமும் '6 எம்' என்ற எழுத்தும் இருந்தால், திறந்தபின் 6 மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று பொருள்.
3. முதல் நாளே வெள்ளைத் தாளின் முன் வைத்து நிறத்தைப் பார்த்துக்கொள்க.
4. ஜன்னல், அடுப்பங்கரை, வண்டிப் பெட்டி ஆகிய இடங்களில் வைக்கற்க. வீட்டிலேயே இருட்டான, குளிர்ந்த மூலையில் வைக்க.
5. பயன்படுத்திய உடனே மூடுக. ஈரக் கையோ கரண்டியோ உள்ளே போகலாகாது. தண்ணீர் ஊற்றிப் பெருக்கவும் கூடாது.
6. இலேசான மஞ்சள் தெரிந்தால் விரைவில் முடிக்க. பழுப்பாகிவிட்டால் விட்டுவிடுக. ஆற்றல் குறைந்திருக்கும், தோலில் கறை படியலாம், எரிச்சலும் வரலாம்.
7. மருத்துவர் எழுதித் தரும் ஹைட்ரோகுவினோன் போன்ற களிம்பு பழுப்பானால் கட்டாயம் நிறுத்தி அவரிடம் காட்டுக. இது முன்பு புகைப்படச் சுருள் கழுவப் பயன்பட்ட வலிய பொருள். மருத்துவர் சொல்லாமல் தொடலாகாது.

நம் வயதினர்க்கு இத்தகைய சீரம் எதுவும் தேவையில்லை என்பதையும் சகோதரி அழுத்திச் சொன்னார். நாங்களும் ஒன்று சேர்த்துக்கொள்கிறோம். நிறம் மாறாமல் காக்கவேண்டியது குப்பிக்குள் இருக்கும் மருந்தைத்தான். நம் தோலின் நிறம் கெட்டுப்போன நிறமன்று. அதை மாற்றவேண்டியதும் இல்லை.

நிறைவாக

எங்கள் ஐந்து குப்பிகளையும் தோழி தன் வீட்டுக்கு எடுத்துச் சென்று அக்காவின் முன் வரிசையாக வைத்தாள். அக்கா நெடுநேரம் பார்த்தார். "அப்ப நான் வச்ச எடந்தான் தப்பா?" என்று கேட்டார். "வச்ச எடமும் தப்புங்க அக்கா, தெளிஞ்ச கண்ணாடியில அடைச்சு வித்ததும் தப்பு" என்றாள் தோழி. அக்கா எழுந்துபோய்ப் பழுப்பேறிய சீரத்தைக் கொட்டினார். அந்தக் குப்பியைக் கழுவி, எங்கள் ஆய்வகத்துக்கே கொடுத்தனுப்பினார். ஆறாவது குப்பியாக இப்போது அது அங்கே இருக்கிறது. அதில் அவரே ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்: "விலை 600 ரூபாய். மூன்று வாரம் ஓவர் டைம். ஜன்னலில் வைக்காதீர்கள்."

அறிவியல் கண்காட்சியில் எங்கள் மேசைக்கு வந்த பெற்றோர் பலரும் முதலில் படித்தது அந்தத் தாளைத்தான். கெட்டபின் மீட்க வழியில்லாத பொருளைக் கெடுமுன் காப்பதே அறிவு. அதற்குச் செலவு அதிகமில்லை. ஒரு மூடி, ஒரு நிழல், ஒரு தேதி போதும்.